ஓவன் கிளீனிங்: எந்த அறிகுறிக்கு என்ன முடிவு

முதலில் ஒரு எழுத்துப் பிரச்சினை. 'அவன்' என்று எழுதினால், "அவனைத் திறந்து காஸ்டிக் அடித்தேன்" என்பது பொலிஸுக்குப் போகவேண்டிய கதையாகிவிடும். ஆகவே இங்கே ஓவன். காஸ்டிக் என்பது கொழுப்பைக் கரைக்கிற காரம்; கீழே 'மருந்து' என்று சொல்வதும் அதைத்தான்.

இது லண்டனிலும் அதைச் சுற்றியும் வீட்டுக் கிளீனிங் செய்கிற நம்மவர்களுக்கு. கிழமைக்கு ஒருமுறை போகிற வீடுகள், வாடகை வீடு காலியாகும்போது செய்கிற 'எண்ட் ஒஃப் டெனன்சி' வேலைகள், இரண்டிலும் கடைசி நேரத்தில் ஒரு வசனம் வரும்: "அப்படியே ஓவனையும் ஒருக்காப் பாருங்கோ." நான் பட்ட நட்டத்தில் பெரும்பங்கு அந்த 'அப்படியே'யில்தான் போனது. ஓவன் தனி வேலை. அதற்குத் தனி நேரம், தனி விலை. ஏற்கமாட்டேன் என்பதையும் தனியாகச் சொல்லலாம். வீட்டு வேலையை வைத்துக்கொண்டு ஓவனை மட்டும் விட்டுவிடலாம். சிக்கல் எந்த முகத்தோடு வந்திருக்கிறதோ, கீழே அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

போனில்: "அவ்வளவு ஊத்தை இல்லை"

அப்படியென்றால் ஊத்தைதான். வாதாடாமல் நாலு படம் கேளுங்கள். கதவைத் திறந்து லைட் போட்டு உள்பக்கம். கதவின் உள்கண்ணாடி. பட்டன்கள் இருக்கிற முன்பலகை. கதவைத் திறந்தால் சட்டத்தின் ஓரத்தில் தெரியும் மாடல் எண் ஸ்டிக்கர். மாடல் எண்ணை வைத்து மானுவலைத் தேடி, உட்சுவர் எந்த வகை, கதவு எப்படிக் கழலும் என்ற இரண்டை மட்டும் வாசித்தால் போதும்.

பிறகு ஒரு கேள்வி: என்ன சமைப்பீர்கள்? ஞாயிறுதோறும் ஆட்டுக்காலை ரோஸ்ட் பண்ணுகிற வீட்டில் கொழுப்பு கூரைவரை தெறித்து, கிழமைக்குக் கிழமை சுட்டு, அடுக்கடுக்காக இறுகியிருக்கும். உறைந்த பீட்சா மட்டும் வைக்கிற வீட்டில் அடித்தட்டில் நாலு கரித்துண்டு, அவ்வளவுதான். எங்கள் ஆட்களின் வீடுகளில் பெரும்பாலும் ஓவன் ஒரு அலுமாரி. தாச்சி, தோசைக்கல், மூடி எல்லாம் உள்ளே இருக்கும். அங்கே வேலை ஓவனில் இல்லை, மேலே புகைக்கூட்டில் இருக்கிறது. அதற்கு வேறு விலை.

கையால் செய்தால் ஒரு சிங்கிள் ஓவனுக்கு எனக்கு ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். டபுள் என்றால் மூன்று. பெரிய ரேஞ்ச் குக்கர் என்றால் அரைநாள் போய்விடும். அதை வான் வண்டிக்குள் சூடான தொட்டி வைத்திருக்கிற ஓவன்காரரிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் கம்பித்தட்டுகளைத் தொட்டியில் ஊறப்போட்டுவிட்டு உள்பக்கத்தைச் செய்வார். நான் ஸ்பன்ஞ்சோடு மல்லுக்கட்டுகிற நேரத்தில் அவருக்கு வேலை முடிந்திருக்கும். அவர் எனக்கு வீட்டு வேலைகளை அனுப்புகிறார். இதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

ஏஜென்ட் "ஓவன் சுத்தமில்லை" என்று வைப்புப் பணத்தைப் பிடிக்கிறார்

காலி செய்கிற வாடகைக்காரர் உங்களிடம் வந்து அழுவார். இங்கிலாந்தில் 2019 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைக் கட்டணச் சட்டத்தின்படி, காசு கொடுத்து ஆள் வைத்துத்தான் கிளீன் பண்ணவேண்டும் என்று வாடகைக்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் குடிவந்தபோது இருந்த அதே சுத்தத்தில் வீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம். ஆகவே வழக்கு உங்கள் ரசீதில் நிற்பதில்லை, குடிவந்த நாளில் வீட்டின் நிலையைப் பதிந்த பட்டியலில், அதாவது இன்வென்டரியில் நிற்கிறது. வேலை தொடங்குமுன் அந்தப் பக்கத்தை வாடகைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். "ஓவன்: பாவித்த அடையாளங்கள் உண்டு" என்று அங்கே எழுதியிருந்தால் நீங்கள் கண்ணாடிபோல் மினுக்கவேண்டிய கடமை இல்லை. முன்னும் பின்னும் ஒரே கோணத்தில், திகதியோடு படம் எடுத்துக் கொடுங்கள்.

முழு வீட்டு வேலைக்கு விலை பேசும்போது ஓவனைத் தனி வரியாக எழுதுங்கள். "எல்லாம் சேர்த்து" என்று எழுதிய வேலையில் ஓவன் கெட்டால் முழுக்காசும் நிற்கும். எனக்கு இரண்டு முறை நின்றது.

உட்சுவர் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கிறது

விரலால் தடவினால் மண்தாள்போல் இருக்கிறதா? அது கட்டலிட்டிக் பலகை. பக்கச் சுவர்களிலும் சிலவேளை பின்சுவரிலும் இருக்கும். அடித்தட்டு சாதாரண எனாமல்தான். 200 டிகிரிக்கு மேல் சூடாகும்போது தெறித்த கொழுப்பைத் தானே எரித்துவிடுகிற பூச்சு அது. அதன் நுண்துளைகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. ஸ்பிரே அடித்தாலோ, கம்பி நாரால் தேய்த்தாலோ துளைகள் அடைபடும் அல்லது பூச்சு உரியும். பிறகு அது வெறும் ஊத்தைப் பலகை.

எனவே பலகையைத் தொடவே வேண்டாம். கழற்ற முடிந்தால் கழற்றி வைத்துவிட்டு மற்ற இடங்களைச் செய்யுங்கள். கடைசியில் வெறும் ஓவனை 220 டிகிரியில் அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். பலகை ஏற்கெனவே எண்ணெயைக் குடித்துப் பளபளவென்று மின்னினால் அதன் காலம் முடிந்துவிட்டது; புதுப் பலகை வாங்கிப் போடலாம் என்று சொல்லுங்கள். வாடிக்கையாளர் "சும்மா கொஞ்சம் அடியுங்கோ" என்பார். அடிக்காதீர்கள்.

"இது தானே கிளீன் பண்ணுகிற ஓவன், ஆனால் பண்ணுதில்லை"

பைரோலிட்டிக் வகையாக இருக்கலாம். கதவு தானாகப் பூட்டிக்கொண்டு உள்ளே ஏறக்குறைய 500 டிகிரிவரை ஏறும், கொழுப்பு சாம்பலாகும். நான் வேலைக்குப் போன இடத்தில் அந்தப் புரோகிராமைப் போடுவதில்லை. நேரம் எடுக்கும், பழைய பூட்டு அந்தச் சூட்டில் சிக்கிக்கொண்டால் பழி எனக்கு. "முதல்நாள் நீங்களே போடுங்கள், அடுத்தநாள் சாம்பலைத் துடைத்து, கதவையும் தட்டுகளையும் செய்து தருகிறேன்" என்று சொல்லிவிடுவேன். போடுமுன் கம்பித்தட்டுகளை வெளியே எடுக்கவேண்டும், அடியில் தேங்கிய எண்ணெயைத் துடைக்கவேண்டும். இல்லாவிட்டால் குசினி முழுக்கப் புகை.

வீட்டில் கிளி, பட்ஜி மாதிரிப் பறவை வளர்க்கிறார்களா என்று கேட்க மறக்காதீர்கள். நன்ஸ்டிக் பூச்சு மிதமிஞ்சிச் சூடாகும்போது வருகிற ஆவியும், இந்த மாதிரிப் புகையும் பறவைகளைக் கொன்றுவிடும். மனிதருக்கு இருமல் வருகிற அளவே அவற்றுக்கு உயிர் போகிற அளவு.

இந்த வகை எனாமலில் காஸ்டிக் அடித்து ஒரு சொட்டு மிஞ்சிவிட்டாலும், அடுத்த 500 டிகிரியில் அது அழியாத வடுவாகும். வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும்.

கரி அசையவே மாட்டேன் என்கிறது

பலமாகத் தேய்ப்பதல்ல மருந்து. சூட்டில் திரும்பத் திரும்ப வெந்த கொழுப்பு பெயின்ட் மாதிரி இறுகிவிடுகிறது. காஸ்டிக் அதைச் சோப்பாக மாற்றிக் கரைக்கும், ஆனால் மாற நேரம் கொடுக்கவேண்டும், ஈரமாகவும் இருக்கவேண்டும். அவசரக்காரர் அடித்து ஐந்து நிமிடத்தில் துடைத்துவிட்டு மருந்தைத் திட்டுவார்.

நான் செய்வது இது. ஓவனை ஐந்து நிமிடம் போட்டு நிறுத்தி, கை வைத்தால் இதமான சூடு என்ற நிலைக்கு ஆறவிடுவேன். அதற்குமேல் சூடென்றால் மருந்து காய்ந்துபோகும், நெடி நெஞ்சை அடைக்கும். பிறகு மெயின் சுவிட்சை நிறுத்தி, ஸ்பிரேயாக அடிக்காமல் பிரஷால் பசையாகப் பூசுவேன். சூடாக்குகிற எலிமென்ட், லைட், காற்றாடித் துளை, சுவரோரம் ஓடுகிற மெல்லிய தெர்மோஸ்டாட் குழாய் இவற்றில் படக்கூடாது. அரைமணி நேரம் விட்டு, எனாமலில் மட்டும் ஸ்கிரேப்பரைப் படுக்கவைத்துச் சுரண்டுவேன். போகாத இடத்தில் இரண்டாம் பூச்சு. கம்பித்தட்டுகளைத் தடித்த பையில் மருந்தோடு கட்டிக் குளியல் தொட்டியில் வைக்கிறவர்கள் உண்டு. தொட்டியின் மேற்பூச்சு போனால் யார் கட்டுவது? பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வானில் வைத்திருங்கள்.

இழுத்து நீட்டுகிற தண்டவாளங்கள் தட்டில் இருந்தால் அவற்றை ஊறப்போடாதீர்கள். உள்ளே இருக்கிற கிரீஸ் கழுவப்பட்டு, அடுத்தநாள் கிறீச்சிடும்.

இரண்டு பூச்சுக்குப் பிறகும் அசையாதது எனாமலின் கறையாக இருக்கலாம், அல்லது எனாமலே போய் இரும்பு தெரிவதாக இருக்கலாம். அங்கே நிறுத்திப் படம் எடுத்துக் காட்டுங்கள்.

பளபளவென்று கொடுத்த தட்டு கறுத்துவிட்டது

அலுமினியம். காஸ்டிக் பட்ட உடனே அது நுரைத்து ஐதரசன் வாயுவை விடும், கறுக்கும், குழி விழும். திருப்பி வராது. ரோஸ்டிங் தட்டு, சில பர்னர் தலைகள், புகைக்கூட்டின் வலை ஃபில்டர், கதவோரத்து அலங்காரப் பட்டை என்று அலுமினியம் ஒளிந்திருக்கிற இடம் பல. சந்தேகம் வந்தால் காந்தம் வையுங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் அலுமினியமோ ஒருவகை ஸ்டெயின்லெஸோ. எதுவென்று உறுதியாகத் தெரியும்வரை சோப்பும் வெந்நீரும்தான்.

கறுத்துவிட்டதா? புதுத்தட்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பத்து பவுண்ட் தட்டுக்காக ஒரு வாடிக்கையாளரை இழக்கவேண்டியதில்லை.

கண்ணாடிக்கு நடுவே வழிந்த கறை, கழற்றிய பின் மூடாத கதவு

இரண்டும் ஒரே இடத்துச் சிக்கல். கதவில் இரண்டு மூன்று கண்ணாடிகள் இருக்கும். கறை நடுவில் இருந்தால் வெளியிலிருந்து எதுவும் செய்யமுடியாது. மானுவலில் கழற்றும் முறை இருந்தால் மட்டும் கழற்றுங்கள். கதவை முழுதாகத் திறந்து, இரண்டு கீல்களிலும் உள்ள கொக்கியை மடக்கி, பாதி மூடித் தூக்கினால் பல மாடல்களில் வந்துவிடும். கதவில்லாத நேரத்தில் கொக்கி விடுபட்டால் கீல் எலிப்பொறிபோல் அடித்து மூடும். ஸ்பிரிங் பலமானது, விரல் தப்பாது.

ஒவ்வொரு கண்ணாடியையும் எடுக்கும்போது மேல்பக்கம் எது, முன்பக்கம் எது என்று டேப் ஒட்டுங்கள். உள்கண்ணாடிகளில் வெப்பத்தைத் திருப்புகிற மெல்லிய பூச்சு இருக்கலாம். அதைத் திருப்பிப் போட்டால் வெளிக்கதவு அளவுக்கு மீறிச் சுடும். பிளேடு வைத்துச் சுரண்டுகிறவர்கள் தொழிலில் ஏராளம். மானுவல்கள் வேண்டாம் என்கின்றன, கீறல் விழுந்த கண்ணாடி பிறகொருநாள் சூட்டில் சிதறலாம் என்பதால். சிதறுகிற அன்று மானுவல்தான் சாட்சி சொல்லும். நான் பசையும் பொறுமையும் மட்டும் வைக்கிறேன். லண்டன் தண்ணீர் கடினத் தண்ணீர், தானாகக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி நிற்கும். கடைசித் துடைப்பு காய்ந்த துணியால்.

மாட்டிய பிறகு மூடவில்லையென்றால் தள்ளாதீர்கள். கீல் ஒன்று குழியில் சரியாக உட்காரவில்லை, அல்லது கொக்கி ஒன்று இன்னும் மடங்கியே இருக்கிறது. திரும்பக் கழற்றி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இறக்குங்கள். அதற்குப் பிறகும் இடைவெளி இருந்தால் ரப்பர் சீலைப் பாருங்கள். துடைக்கும்போது மூலையில் கிளிப் கழன்றிருக்கும்.

"தம்பி, நீங்கள் போனபிறகு ஓவன் வேலை செய்யுதில்லை"

இந்த அழைப்பு வந்தே தீரும். எனக்கு முதலில் வந்தபோது, ஹரோவில் ஒரு அன்ரி வீட்டுக்கு இரவு எட்டு மணிக்கு நாற்பது நிமிடம் ஓட்டிப் போனேன். லைட் எரிந்தது, காற்றாடி அசையவில்லை, சூடு இல்லை. எலிமென்ட்டை எரித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அன்ரி தேத்தண்ணி ஊற்றித் தந்துகொண்டிருந்தார். அவருடைய பேத்தி வந்து மணிக்கூட்டைப் பார்த்தாள். அது 0:00 என்று கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பட்டனை அழுத்தி நேரத்தை வைத்தாள், ஓவன் உறுமியது.

மெயின் சுவிட்சை நிறுத்தினால் மணிக்கூடு நேரத்தை மறந்துவிடும். பல மாடல்கள், நேரம் வைக்கும்வரை சூடாக மறுக்கும். 'ஆட்டோ' குறி எரிந்தால் கைபோலப் படம் உள்ள பட்டனை அழுத்திக் கைமுறைக்கு மாற்றவேண்டும். கிளம்புமுன் நேரத்தை வைத்து, ஓவனைச் சூடாக்கிக் காட்டி, வாடிக்கையாளரைக் கொண்டு ஒரு முறை போடவையுங்கள். அழைப்பு வந்துவிட்டால் முதல் கேள்வி: "மணிக்கூட்டில் என்ன நேரம் காட்டுது?" இரண்டாவது: "சுவரில் இருக்கிற குக்கர் சுவிட்ச் போட்டிருக்கா?" இந்த இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் வான் சாவியை எடுங்கள்.

போட்டவுடன் வீட்டுக் கரண்ட் விழுகிறது

ஈரம். எலிமென்ட் குழாய்க்குள் இருக்கிற மக்னீசியம் ஒக்சைட் தூள் ஈரத்தை உறிஞ்சும், கொஞ்சக் கசிவுக்கே பாதுகாப்பு சுவிட்ச் விழும். கதவைத் திறந்துவைத்து ஒரு இரவு காயவிடுங்கள். அடுத்தநாளும் விழுந்தால் எலெக்ட்ரீஷன் வேலை. விழ விழத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். பின்பலகையைக் கழற்றிக் காற்றாடியை எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: பல ஓவன்களில் அந்த நட் எதிர்த்திசை மரை. வழக்கமான பக்கம் திருகினால் இறுகி, அச்சு உடையும்.

புகை, நெடி, சூடானதும் தெரிகிற வெள்ளைத் தடங்கள்

மருந்து மிச்சம் நிற்கிறது. ஈரமாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. ஓவன் ஆறியபின் நாலைந்து தடவை சுத்தத் தண்ணீரால் துடைத்து, கடைசியில் வினாகிரி கலந்த தண்ணீரால் ஒரு தடவை. மருந்து திட்டுத்திட்டாக இருக்கும்போதே வினாகிரியை ஊற்றக்கூடாது, பிளீச்சை இந்த வேலைக்கே கொண்டுவரக்கூடாது. பிறகு ஜன்னலைத் திறந்து 200 டிகிரியில் கால்மணி நேரம். இதை நீங்கள் நிற்கும்போதே செய்தால் புகையை நீங்கள் பார்ப்பீர்கள். இல்லாவிட்டால் அவர்களின் கோழி பார்க்கும்.

காஸ் அடுப்பு: மஞ்சள் சுவாலை, நிற்காத டிக்டிக்

டிக்டிக் என்றால் பற்றவைக்கிற முனையில் ஈரம். காய்ந்தால் நிற்கும். மஞ்சள் சுவாலை என்றால் முதலில் பர்னர் மூடி குழியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, துளைகளில் சோப்பு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் நீலம் வரவில்லையென்றால் அடுப்பைப் பாவிக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. காஸ் போகிற எந்தப் பாகத்தையும் கழற்ற நமக்கு உரிமை இல்லை. 2009 ஏப்ரல் முதல் அது 'காஸ் சேஃப்' என்ற பதிவேட்டில் பெயருள்ளவர் வேலை. குக்கரை வெளியே இழுத்துப் பின்பக்கம் துடைத்துத் தாருங்கள் என்றாலும் மறுத்துவிடுங்கள். காஸ் மணந்தால் 0800 111 999.

கை வழுவழுக்கிறது

கையுறைக்குள் மருந்து போய்விட்டது. அந்த வழுவழுப்பு உங்கள் தோலின் எண்ணெயே சோப்பாகிக்கொண்டிருப்பது. வேலையை விட்டுவிட்டு ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் பிடியுங்கள். தோலில் வினாகிரி வேண்டாம். கண்ணில் பட்டால் இமையைத் திறந்தபடி கழுவிக்கொண்டே 999. முழங்கைவரை வருகிற நைட்ரைல் கையுறையும் மூடிய கண்ணாடியும் இல்லாத நாளில் வேலையை ஒத்திவையுங்கள். மருந்தின் பாதுகாப்புத் தாளை வானில் வைத்திருப்பது 2002ஆம் ஆண்டு ஆபத்தான பொருட்கள் பற்றிய விதிகளுக்கும் உதவும், ஆஸ்பத்திரி டொக்டருக்கும் உதவும்.

"பட்டன் எழுத்தெல்லாம் அழிந்துபோச்சு, முன்பு இருந்தது"

இருந்ததா இல்லையா என்பதை உங்கள் முன்படம்தான் சொல்லவேண்டும். முன்பலகையில் ஈரத்துணியும் சோப்பும் தவிர எதையும் வைக்காதீர்கள். அச்சு எழுத்து மருந்தில் ஒரே துடைப்பில் போகும். இந்த இடத்தில் இன்சூரன்ஸ் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சாதாரணப் பொதுப்பொறுப்புக் காப்புறுதி, நீங்கள் கைவைத்து வேலை செய்கிற அதே பொருளுக்கு வரும் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்காது. ட்ரீட்மென்ட் ரிஸ்க் என்று தனியாகச் சேர்க்கவேண்டும். கம்பளத்தில் சிந்தினால் கட்டுவார்கள், ஓவன் கெட்டால் கட்டமாட்டார்கள் என்ற கூத்து பலருக்குச் சம்பவம் நடந்த பிறகே தெரிகிறது.

டிசம்பர் 20க்குப் பிறகு போன் அடிக்கிறது

கிறிஸ்மஸ் வான்கோழிக்கு முன் ஓவனைச் சுத்தமாக்க வெள்ளைக்காரர் வீடெல்லாம் ஒரே கிழமையில் எழும்பும். காசு நல்ல காசு. நான் 15ஆம் திகதியோடு நிறுத்திக்கொள்கிறேன். பத்து வருடப் பழைய எலிமென்ட் ஒன்று கிளீனிங்குக்கு அடுத்தநாள் போகுமென்றால் அது போகவேண்டிய எலிமென்ட்தான். ஆனால் 23ஆம் திகதி போனால் புதுவருடம்வரை திருத்துகிறவர் வரமாட்டார், பச்சை வான்கோழியோடு பதினாலு பேர் என்னைத்தான் நினைப்பார்கள். "ஜனவரியில் வாருங்கள், குறைத்துச் செய்து தருகிறேன்" என்பேன். ஜனவரியில் எனக்கும் வேலை குறைவு.